வேலை மாறலாம், பி.எஃப். கணக்கு காலியாக வேண்டாம்
ஓசூர், கிருஷ்ணகிரி பெண் தொழிலாளர்களின் ஓய்வுக்காலத் திட்டத்துக்கு நிதி வழிகாட்டல் எப்படி உதவுகிறது?

ஓசூர் சிப்காட், சூளகிரி, திம்ஜேப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் வரைபடம் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போகிறது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொடங்கிய பட்டியலில் இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ், ஓலா எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இந்தப் புதிய ஆலைகளின் அசெம்பிளி லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். இன்னொரு பக்கம், ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகினி வரை தினமும் வேலைக்குப் போய்வரும் பெண்களும் உண்டு.

இவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் சம்பளச் சீட்டு வாங்கும் முதல் பெண். அந்தச் சீட்டில் மாதாமாதம் பி.எஃப். என்று ஒரு தொகை பிடிக்கப்பட்டிருக்கும். "அது எதுக்குப் பிடிக்கறாங்க?" என்று கேட்டால், "வேலையை விடும்போது கொடுப்பாங்க" என்பதுதான் அதிகம் வரும் பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் நிதி வழிகாட்டல்.

வழிகாட்டல் என்றால் என்ன?

நிதி வழிகாட்டி என்பவர் பாலிசி விற்பவர் அல்ல. "இதில் போடுங்கள், இரட்டிப்பாகும்" என்று சொல்பவரும் அல்ல. உங்கள் வருமானம், செலவு, கடன், வரப்போகும் திருமணம், குழந்தை, வேலை மாற்றம் எல்லாவற்றையும் உங்களிடமே கேட்டு, நீங்களே ஒரு முடிவுக்கு வர உதவுபவர். ஒரே நாளில் முடிகிற வகுப்பாக இல்லாமல், வாழ்க்கையில் ஒரு திருப்பம் வரும்போதெல்லாம் திரும்பப் போய்க் கேட்கக்கூடிய உதவியாக இருந்தால்தான் அது பயன் தரும்.

பெண்களுக்கு இது ஏன் தனியாகத் தேவை? பெண்கள் சராசரியாக ஆண்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆண்டுகள் குறைவு. திருமணம், பிரசவம், குழந்தை வளர்ப்பு, மாமியார் உடல்நிலை என்று நடுவில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் பி.எஃப். கணக்கு முழுதாகத் துடைக்கப்படுகிறது. 58 வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் போவதற்கு, குறைந்த சம்பளம் மட்டும் காரணம் அல்ல. இந்த இடைவெளிகளில் எடுத்த முடிவுகளும் காரணம்.

2016 சொல்லிக்கொடுத்த பாடம்

2016 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. வேலையை விட்டவர் தன் பங்கையும் அதற்கான வட்டியையும் மட்டுமே எடுக்கலாம்; நிறுவனம் செலுத்திய பங்கு 58 வயது வரை கணக்கில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓசூர் சாலை ஸ்தம்பித்தது. ஏப்ரல் 19 அன்றே அந்த அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது.

"ஓய்வுக்காலத்துக்காகச் சேமிக்கச் சொன்னால் எதிர்க்கிறார்களே" என்று அப்போது சிலர் கேட்டார்கள். அந்தப் பெண்களின் நிலையிலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டு லீஸ் பணம், கந்துக் கடன் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இருந்த ஒரே பெரிய தொகை அந்த பி.எஃப். பணம்தான். அதைப் பூட்டிவைத்தால் கோபம் வராமல் இருக்குமா?

2025 அக்டோபர் 13 அன்று கூடிய வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழுவும் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டது. பகுதிப் பணம் எடுப்பதை எளிதாக்குவது, ஆனால் 25 சதவீதத்தைக் கணக்கில் வைத்திருப்பது என்று குழு முடிவெடுத்தது. வேலை போன பிறகு கணக்கை முழுதாக முடிக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், ஓய்வூதியப் பங்கை எடுப்பதற்கான காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாகவும் உயர்த்தவும் முடிவானது.

விதி கடுமையாக இருந்தாலும் தளர்ந்தாலும், கடைசியில் விண்ணப்பத்தை அழுத்துவது உங்கள் விரல்தான். அழுத்தும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

சம்பளச் சீட்டில் மறைந்திருக்கும் இரண்டு பெட்டிகள்

உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது ரூ.1,800, உங்களிடம் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே ரூ.1,800-ஐச் செலுத்துகிறது. ஆனால் நிறுவனத்தின் பங்கு இரண்டாகப் பிரிகிறது:

• 3.67 சதவீதம் உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. இது முதல் பெட்டி. வட்டியோடு வளரும் சேமிப்பு.
• 8.33 சதவீதம், அதாவது மாதம் சுமார் ரூ.1,250, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இது இரண்டாவது பெட்டி. இதில் பணத்தைவிட, எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்ற கணக்குதான் முக்கியம்.

முதல் பெட்டியில் மாதம் சுமார் ரூ.2,350 சேர்கிறது. இரண்டு ஆண்டு வேலை செய்தால் வட்டியோடு ஏறக்குறைய ரூ.60,000. 23 வயதில் திருமணத்துக்காக வேலையை விடும் ஒரு பெண் இதை எடுத்தால், அது ஒரு பீரோ, ஒரு வாஷிங் மெஷின், கொஞ்சம் நகை என்று முடிந்துவிடும். எடுக்காமல், அடுத்த வேலையின் கணக்குக்கு மாற்றி 58 வயது வரை விட்டால்? 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட 8.25 சதவீத வட்டி அப்படியே தொடர்ந்தால், அந்த ரூ.60,000 மட்டும் சுமார் ரூ.9.6 லட்சம் ஆகும். வட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும், விலைவாசியும் ஏறும் என்பது உண்மைதான். ஆண்டுக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறுகிறது என்று வைத்துக் கழித்தாலும், இன்றைய மதிப்பில் அது சுமார் ரூ.1.25 லட்சம். அதாவது, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் பணத்தின் உண்மையான மதிப்பு இரட்டிப்பாகிறது.

இரண்டாவது பெட்டியில்தான் பலர் தெரியாமல் இழக்கிறார்கள். மொத்தம் 10 ஆண்டு பணிக்காலம் இருந்தால் 58 வயதிலிருந்து உயிருள்ளவரை மாத ஓய்வூதியம் உண்டு. அதற்கான கணக்கு எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இதில் சம்பள உச்சவரம்பு ரூ.15,000.

• 10 ஆண்டு: மாதம் சுமார் ரூ.2,143
• 20 ஆண்டு: 2 ஆண்டு கூடுதல் சலுகையோடு சுமார் ரூ.4,714
• 30 ஆண்டு: அதே சலுகையோடு சுமார் ரூ.6,857

அந்த 10 ஆண்டு ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டியதும் இல்லை. ஓசூரில் 3 ஆண்டு, குழந்தை பிறந்து இரண்டு வருஷம் வீட்டில், பிறகு பொம்மசந்திராவில் 4 ஆண்டு, மறுபடி கிருஷ்ணகிரியில் 3 ஆண்டு என்றால் மொத்தம் 10. ஓய்வூதியம் உறுதி. ஆனால் ஒவ்வொரு முறை வேலையை விட்டபோதும் பி.எஃப்.-ஓடு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தால், பழைய ஆண்டுகள் அழிந்துவிடும். அதே பத்து வருஷ உழைப்புக்கு ஓய்வூதியம் பூஜ்யம்.

எல்லை தாண்டினாலும் எண் ஒன்றுதான்

எல்லையோரத்தில் வேலை செய்பவர்களுக்குச் சலுகைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பது பழகிப்போன விஷயம். கர்நாடகத்தின் 'சக்தி' இலவசப் பேருந்துத் திட்டம் அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். ஆனால் யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண்ணுக்கு எல்லை கிடையாது. அத்திப்பள்ளி கம்பெனியும் ஓசூர் கம்பெனியும் அதற்கு ஒன்றுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், புதிய கம்பெனியில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விடுவதில். அப்போது இன்னொரு எண் உருவாகலாம். பணிக்காலம் இரண்டு துண்டாகிவிடும். சேரும் நாளில் தரும் 11-ஆம் எண் படிவத்தில் பழைய யு.ஏ.என்.-ஐ எழுதுங்கள். காண்ட்ராக்ட் மூலம் வேலை செய்பவர்களுக்கும் பி.எஃப். உண்டு, காண்ட்ராக்டர் மாறும்போதும் இதே எண்ணைக் கேட்டுக் கொடுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மூன்று திருத்தங்கள்

வேலையை விட்டு 2 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியில்கூட, திருமணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு விலக்கு இருந்தது. பெண் என்றால் கல்யாணத்தோடு பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்பது அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது. இன்று பலர் திருமணத்துக்குப் பிறகும் வேலைக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. இனிஷியல். அப்பாவின் இனிஷியல் ஆதாரில், கணவரின் இனிஷியல் வங்கிக் கணக்கில் என்று இருந்தால் பணம் வராமல் நிற்கும். ஆதார், வங்கி, பி.எஃப். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் சரிபார்ப்போடு யு.ஏ.என். பெற்றவர்கள், பெயர், திருமண நிலை, கணவர் பெயர் போன்றவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே இணையத்தில் திருத்தும் வசதி 2025 ஜனவரியில் வந்திருக்கிறது.

2. நாமினி. திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

3. மொபைல் எண். அப்பாவின் எண்ணோ அண்ணனின் எண்ணோ இணைக்கப்பட்டிருந்தால், ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் போகும். உங்கள் கையில் இருக்கும் உங்கள் எண்ணாக மாற்றுங்கள்.

நிஜமாகவே பணம் வேண்டும் என்றால்?

வழிகாட்டல் என்பது "எடுக்காதே" என்று சொல்வது அல்ல. ஒரு வழிகாட்டியிடம் பேச்சு இப்படித்தான் போகும்:

"மேடம், அடுத்த மாசம் கல்யாணம். வேலையை விடறேன். பி.எஃப். முழுசா எடுத்துடலாமா?"

"எவ்வளவும்மா தேவைப்படுது?"

"ஒரு நாப்பதாயிரம் இருந்தா போதும்."

"அப்புறம் எதுக்கும்மா முழுசா எடுக்கணும்? முன்பணமா எடுக்க முடியுமான்னு முதல்ல பார்ப்போம். கல்யாணத்துக்கு அப்புறம் திரும்ப வேலைக்குப் போவீங்களா?"

"ஓசூர்லயே இருந்தா போவேன்."

"அப்போ பென்ஷன் கணக்கைத் தொடாதீங்க."

இந்த உரையாடலில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மருத்துவம், கல்வி, திருமணம், வீடு போன்ற தேவைகளுக்குக் கணக்கை மூடாமலே முன்பணம் எடுக்கலாம். அது ஓய்வூதியப் பணிக்காலத்தைப் பாதிக்காது. 10 ஆண்டு நிறையாமல் வேலையை விடுபவர்கள், ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுப்பதற்குப் பதில் 10-சி படிவம் மூலம் 'திட்டச் சான்றிதழ்' வாங்கிப் பணிக்காலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 5 ஆண்டு நிறைவதற்குள் ரூ.50,000-க்கு மேல் பணத்தை எடுத்தால் வருமான வரி பிடித்தம் வரலாம்; கணக்கை மாற்றிக்கொண்டு வந்திருந்தால் பழைய ஆண்டுகளும் அந்த 5-இல் சேரும்.

வேலையை விடும் தேதியைக் குறிக்கும் முன் பணிக்கொடையையும் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்கு 5 ஆண்டு நிறைந்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நிறுவனமே நேரடியாகச் சேர்த்தவர்களுக்கு ஓராண்டு போதும். இரண்டு மாதம் தள்ளி ராஜினாமா செய்வது சில சமயம் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

பி.எஃப். இல்லாத பெண்களுக்கு

வீட்டிலேயே தையல், பூ கட்டுதல், வீட்டு வேலை, சின்னக் கடை என்று இருப்பவர்களும், ஆலை வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்களும் தாங்களாகவே ஒரு ஓய்வூதியத்தைத் தொடங்கலாம்.

அடல் ஓய்வூதியத் திட்டம்: வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு உள்ள, வருமான வரி செலுத்தாத 18 முதல் 40 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். 60 வயதில் மாதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை உத்தரவாத ஓய்வூதியம். ரூ.5,000 பெறுவதற்கு, 20 வயதில் சேர்ந்தால் மாதம் ரூ.248, 25 வயதில் ரூ.376, 30-இல் ரூ.577, 35-இல் ரூ.902, 40-இல் ரூ.1,454. தள்ளிப்போடுவதன் விலை இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. பி.எஃப். உள்ளவர்களும் இதில் சேரலாம்.

பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத, மாத வருமானம் ரூ.15,000-க்குள் உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கானது. வயதைப் பொறுத்து மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை செலுத்தினால், மத்திய அரசும் அதே தொகையைச் செலுத்தும். 60 வயதுக்குப் பிறகு மாதம் ரூ.3,000. பொதுச் சேவை மையங்களில் சேரலாம்.

ஆதரவற்ற முதியோருக்குத் தமிழக அரசு மாதம் ரூ.1,200 உதவித்தொகை வழங்குகிறது. அது யாரும் இல்லாதவர்களுக்கான தாங்கு கட்டை. இருபது வருஷம் ஷிப்ட் பார்த்த ஒரு பெண், முதுமையில் அதை மட்டுமே நம்பியிருக்கும் நிலைக்கு வரக் கூடாது.

எங்கே போய்க் கேட்பது?

• உங்கள் மகளிர் சுய உதவிக்குழு. இந்த மண்ணுக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. வேளாண் மேம்பாட்டுக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழகத்தில் மகளிர் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதன் ஒரு பகுதி. 2004-இல்தான் தனி மாவட்டமானது. வாரச் சேமிப்பும் உள்கடனும் பழகிய குழுக்கள், மாதக் கூட்டத்தில் ஒரு முறை ஓய்வூதியத்தையும் பேசலாம். நிதிசார் கல்விக்கென்று பயிற்சி பெற்ற சமுதாய வள பயிற்றுநரைக் குழுவுக்கு அழைக்க, மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.
• நிதிசார் கல்வி மையங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் சோதனை முறையில் தொடங்கி விரிவாக்கிய திட்டம். மூன்று வட்டாரங்களுக்கு ஒரு மையம் என்பது அதன் அமைப்பு. அருகிலுள்ள மையம் எது என்பதை உங்கள் வங்கிக் கிளையிலோ மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்திலோ கேட்கலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.
• மாதந்தோறும் 27-ஆம் தேதியை ஒட்டி ஒவ்வொரு மாவட்டத்திலும் வருங்கால வைப்பு நிதி அமைப்பு நடத்தும் குறைதீர் முகாம். இரண்டு யு.ஏ.என்., பெயர்ப் பிழை, மாறாத கணக்கு போன்றவற்றை நேரில் சொல்லலாம்.
• தொலைபேசியில் 14470. இருப்பை அறிய, பதிவு செய்த எண்ணிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால்.

ஓ.டி.பி. கேட்பவர், பாஸ்வேர்டு கேட்பவர், "பி.எஃப். எடுத்துத் தர்றேன், இவ்வளவு கமிஷன்" என்பவர் யாரும் வழிகாட்டி அல்லர். மாதம் 10 சதவீதம், 20 சதவீதம் வட்டி என்று ஹாஸ்டல் வாசலில் ஆள் பிடிப்பவரும் அல்லர். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

இன்று ஷிப்ட் முடிந்ததும் செய்ய வேண்டியவை

1. உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, கடைசி மாதம் வரை பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.
2. பணி வரலாற்றில் உங்கள் பழைய நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றனவா? சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியா?
3. நாமினி யார் என்று பாருங்கள்.
4. இதுவரை எத்தனை ஆண்டு பணிக்காலம் சேர்ந்திருக்கிறது, 10-க்கு இன்னும் எத்தனை என்று எழுதிவையுங்கள்.
5. நான்கில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மேலே சொன்ன இடங்களில் ஒன்றுக்குப் போங்கள்.

வேலையை விடும் முடிவு உங்களுடையது. பணத்தை எடுக்கும் முடிவும் உங்களுடையதுதான். ஆனால் அவை இரண்டும் தனித்தனி முடிவுகள். முதலாவதை எடுத்த அதே நாளில் இரண்டாவதையும் எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.